யாரைக் கேட்டு 108-க்குக் கூப்பிடுவது?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களுக்கு ஒரு முறை தவறாமல் ஒரு செய்தி வந்துவிடும். ஸ்ட்ரோக் வந்தவரை அசைக்கவே கூடாதாம், ஊசியைத் தீயில் காட்டிப் பத்து விரல் நுனியிலும் குத்தி விரலுக்கொரு சொட்டு ரத்தம் வரவைக்க வேண்டுமாம், வாய் கோணியிருந்தால் இரண்டு காதையும் சிவக்கச் சிவக்க இழுத்துவிட்டு மடலிலும் குத்த வேண்டுமாம், அவர் பழையபடி தெளிந்த பிறகு நிதானமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமாம். சீனப் பேராசிரியர் ஒருவர் சொன்னதாகக் கீழே போட்டிருக்கும். வரிசையாகக் கும்பிடும் கைகள், "பயனுள்ள தகவல்" என்று நாலு அத்தைகள். விரல் நுனியில் குத்தினால் விரல் நுனியில் ரத்தம் வரும், அவ்வளவுதான். மூளைக்குள் அடைத்துக்கொண்ட குழாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊசியைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அந்த "நிதானமாக" என்ற சொல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூளை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைச் சேர்த்துவைக்கவும் அதற்கு வழியில்லை, ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்து இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, ரத்தக்கட்டி வந்து குழாயை அடைப்பது. இன்னொன்று, குழாயே வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிவது. இரண்டில் அடைப்புதான் அதிகம். இரண்டையும் நாம் வாதம் என்றுதான் சொல்கிறோம், பார்க்கிறவர்களுக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று கண்ணால் பார்த்து அனுபவமுள்ள டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே போனால் புரியும்.

அடைப்பு வந்த இடத்தில் நடப்பதை எங்கள் மன்னார்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வது சுலபம். வாய்க்கால் அடைந்துபோனால் எல்லா வயலும் ஒரே நாளில் கருகிவிடாது. அடைப்பை ஒட்டிய வயல் முதலில் போகும். சுற்றியிருக்கும் வயல்களுக்குப் பக்கத்துக் கன்னி வாய்க்காலில் இருந்து கொஞ்சம் கசிவுத் தண்ணீர் வரும், பயிர் வாடி நிற்குமே தவிரச் செத்திருக்காது, மடையைத் திறந்துவிட்டால் எழுந்துவிடும். மூளையிலும் அப்படித்தான். நடுவில் ஒரு பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடுகிறது. அதைச் சுற்றி இன்னொரு பகுதி வேலைசெய்யாமல், ஆனால் உயிரோடு, காத்திருக்கிறது. சிகிச்சை முழுவதும் அந்தக் காத்திருக்கும் பகுதிக்காகத்தான். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டு அப்படியே விடப்பட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். காபி போட்டு ஆற்றிக் கொடுக்கும் நேரத்துக்கு இது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நடக்கும்போதும் பெரும்பாலும் வலிக்காது. இதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே ஓடிவரும், யாரோ ஒருவர் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பார். அதே மனிதர் "கை ஒரு மாதிரி மரத்த மாதிரி இருக்கு" என்று சொன்னால், மேல கை வெச்சுப் படுத்திருப்பே, கொஞ்ச நேரம் சாய்ஞ்சு எந்திரி என்போம். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நாம் நம்பும் வியாதிகளின் பட்டியல் பெரியது, அதில் ஸ்ட்ரோக்கையும் சேர்த்துவைத்திருக்கிறோம்.

என் பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். பிபி மாத்திரை எழுதிக்கொடுத்து வருஷக்கணக்காகிறது, தலை சுற்றுகிற நாளில் மட்டும் போட்டுக்கொள்வார். ஒருநாள் காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது டீ கிளாஸ் வலது கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவருக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை. கடைக்காரர் என்னவென்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில் தமிழ் மாதிரியும் இருந்தது, ஒன்றும் விளங்கவுமில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் எல்லாம் சரி. நடந்தே வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார். வெயில், பித்தம், முந்தின இரவு சரியாகத் தூங்காதது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், பெரியம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று பெரியப்பா வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று காலையிலேயே அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். வந்து தானாகவே போய்விடும் இந்தச் சின்ன ஸ்ட்ரோக்கை டாக்டர்கள் டிஐஏ என்கிறார்கள். குழாயை ஒரு கட்டி அடைத்து, அதுவே கரைந்தோ நகர்ந்தோ வழிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்த இடமாக இருக்கலாம், தாளம் தப்பித் துடிக்கும் இதயமாக இருக்கலாம், அடுத்த கட்டியும் அங்கிருந்தே வரலாம். கலிபோர்னியாவில் டிஐஏ என்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் ஒரு ஆய்வு வந்தது. 90 நாட்களுக்குள் அவர்களில் 180 பேருக்கு முழு ஸ்ட்ரோக். அந்த 180-இல் பாதிப்பேருக்கு முதல் இரண்டே நாளில். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டிஐஏவோ லேசான ஸ்ட்ரோக்கோ வந்தவர்களைத் தாமதமின்றிப் பரிசோதித்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது, 90 நாளில் மறுபடி ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. மந்திர மருந்து ஒன்றும் இல்லை. ரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, பிபி மாத்திரை, தேவைப்பட்டவருக்குக் கழுத்துக் குழாயில் அறுவைச் சிகிச்சை. எல்லாம் ஏற்கனவே இருந்தவைதான், சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவே.

ஆகவே எனக்குத் தெரிந்து இந்த நோயின் மிக முக்கியமான எச்சரிக்கை, சரியாகப் போய்விட்ட எச்சரிக்கைதான். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் விலகியது, ஒரு பக்கக் கையும் காலும் கொஞ்ச நேரம் சொல்பேச்சுக் கேட்காமல் இருந்தது, வாய் குழறிப் பின் தெளிந்தது, இவையெல்லாம் மறுநாளோ அடுத்த வாரமோ காட்டிக்கொள்ளலாம் என்று விடுகிற சமாச்சாரமில்லை. அன்றே போக வேண்டும். "சரியாப் போச்சே, இப்ப போய் என்னன்னு சொல்றது?" என்று கூச்சப்படுவார்கள். சரியாகப் போய்விட்டது என்பதையே போய்ச் சொல்லலாம்.

அந்த வாரம் முடிவதற்குள் பெரியப்பாவுக்கு முழு ஸ்ட்ரோக் வந்தது. சாயங்காலம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா அடுக்களையிலிருந்து ஏதோ கேட்க, இவரிடமிருந்து பதிலில்லை. வந்து பார்த்தால் நாற்காலியில் வலது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறார், கண் திறந்திருக்கிறது, வாயின் ஒரு ஓரம் இறங்கியிருக்கிறது. பெரியம்மா முதலில் காபி கொடுத்தார். அது வாயோரமாக வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து விபூதி பூசினார். பிறகு பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன். அண்ணன் மீட்டிங்கில். எடுத்ததும் அவன் ஊரில் இருக்கும் தன் சிநேகிதனுக்குப் போன் போட்டான். சிநேகிதன் தனக்குத் தெரிந்த கம்பவுண்டருக்கு. கம்பவுண்டர், ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோங்கள் என்றார். கார் வர வேண்டும், வந்தது. நர்சிங் ஹோமில் சிடி ஸ்கேன் கிடையாது. பிபி பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, டாக்டர் வரட்டும் என்றார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துக் கையில் வாங்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அடைப்புதான். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்ட இளம் டாக்டர், பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

இந்தக் கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பெரியவராகத் தெரிந்த இன்னொருவரைக் கேட்டார்கள். நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போவது மருத்துவ முடிவு இல்லை, அது குடும்ப முடிவு. பணம் யார் கட்டுவது, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பது, மூத்த மகனைக் கேட்காமல் போனால் பிறகு பேச்சு வருமோ என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. கல்யாணத்துக்கு இது சரி. ஸ்ட்ரோக்குக்கு இது தாங்காது. பெரியப்பா விழுந்த இடத்திலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம்தான், மிச்ச நேரமெல்லாம் போன் கால்களிலும் நர்சிங் ஹோம் கட்டிலிலும் போனது.

நேரம் போனால் என்ன போகிறது என்று சொல்கிறேன். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி மருந்து இருக்கிறது, ஆல்டிப்ளேஸ் என்று பெயர். 1995-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, முதல் 3 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால், கொடுக்காதவர்களைவிட, மூன்று மாதம் கழித்து ஊனமே இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்தும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நாலு மணி நேரம் கழித்துப் போகலாமா என்றால், அந்த எல்லைக்குள்ளேயும் முதல் மணி நேரத்தில் கொடுத்ததற்கும் நாலாவது மணி நேரத்தில் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்த மருந்துக்கு ஆபத்தும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1995 ஆய்விலேயே மருந்து போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் போடவே மாட்டார்கள். வெடித்துக் கசிந்துகொண்டிருக்கும் மூளையில் கட்டைக் கரைக்கும் மருந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா?

அதே காரணத்துக்காகத்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நல்லதுதான், ஆனால் அந்த அறிவை இங்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேட்டைக் கூட்டும். பிபி ஏறியிருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பிபி மாத்திரையை நாக்கடியில் வைப்பதும் வேண்டாம். அடைப்பு இருக்கும்போது பிபி ஏறுவதில் ஒரு பங்கு, உடம்பே ரத்தத்தைத் தள்ளிவிடப் பார்க்கும் முயற்சி. அதைத் தடாலென்று இறக்கினால் காத்திருக்கும் பகுதிக்கு வரும் கொஞ்ச நஞ்சமும் நின்றுபோகும். காபி, தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் படுத்திருக்கலாம், உள்ளே போனது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். பெரியப்பாவுக்கு அதுவும் வந்தது. நினைவு தப்பிக்கொண்டோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால் ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். மற்றபடி வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, கடிகாரத்தைப் பார்ப்பது.

போனதும் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை எப்பப் பாத்தீங்க?" கீழே விழுந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பது அவருக்குப் போதாது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கை விழுந்து எழுந்தால், கணக்கு பத்து மணியிலிருந்துதான். அடைப்பு ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படித் தூக்கத்தில்தான் வருகிறது. அதற்காக நேரம் போய்விட்டது, இனி என்ன என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே பிடித்து இழுத்து எடுக்கிறார்கள். 2015-இல் ஒரே வருஷத்தில் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வந்து இது பலன் தருகிறது என்று உறுதிசெய்தன. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் இன்னும் காப்பாற்ற மூளை மிச்சமிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்கிறார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, எல்லோருக்கும் பொருந்தவும் பொருந்தாது. ஆனால் பொருந்துமா என்பதை ஸ்கேனைப் பார்த்தவர் சொல்லட்டும், மாமாவின் சிநேகிதர் வேண்டாம்.

சரி, அடையாளம். முகம், கை, பேச்சு, இந்த மூன்றுதான் முதலில். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சந்தேகம். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து வினாடி வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்கும், அல்லது தூக்கவே வராது. ஒரு சாதாரண வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். (சாதாரண வாக்கியம். ஓடுகிற நரியில் ஒரு நரி கிழநரி என்றெல்லாம் சொல்லச் சொன்னால் நல்லா இருக்கிறவருக்கே நாக்குப் புரளும்.) மூன்றில் ஒன்று திடீரென்று தவறினாலும் போதும், மூன்றும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மூன்றிலும் பிடிபடாத வகையும் இருக்கிறது. மூளையின் பின்பக்கம் அடைபட்டால் கை கால் நன்றாகவே இருக்கலாம். திடீரென்று தலை சுற்றும், நடக்கப் போனால் ஒரு பக்கம் தள்ளும், ஒன்று இரண்டாகத் தெரியும், வாந்தி வரும். நம் ஊரில் இதற்குப் பித்தம் என்று பெயர் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுகிறோம். வாழ்நாளில் இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்லை என்கிற மாதிரி, இடி விழுந்தாற்போல ஒரு நொடியில் வரும் தலைவலி, குழாய் வெடித்ததற்கான அடையாளமாக இருக்கலாம். இதில் வலி உண்டு.

"திடீரென்று" என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். மாதக்கணக்காகக் கை மதமதப்பது வேறு கதை. வாய் கோணல் எல்லாமே ஸ்ட்ரோக் இல்லை என்பதும் உண்மை. முகநரம்பு வாதத்தில் நெற்றியைச் சுருக்கவும் கண்ணை இறுக மூடவும்கூட வராது, ஸ்ட்ரோக்கில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சுகர் இறங்கினாலும் இதே மாதிரி குழறும், ஒரு பக்கம் இழுக்கும், வீட்டில் மெஷின் இருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் குத்திப் பார்த்துவிடலாம். இந்த வித்தியாசங்களையெல்லாம் படித்துவைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஸ்ட்ரோக் என்று நினைத்துப் போய் இல்லை என்று திரும்பி வந்தால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம்.

இதைவிட முக்கியமான ஒன்று. நோயாளியைக் கேட்காதீர்கள். கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார். வீம்பு மட்டும் காரணமில்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்குத் தன் இடது கை விழுந்ததே தெரியாது. கையைத் தூக்குங்கள் என்றால் தூக்கியாச்சே என்பார்கள், கை மடியில் கிடக்கும். அந்தக் கை தன்னுடையது இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. இடது பக்கம் அடிபட்டவருக்கோ சொல்லவே வராது. ஆக, தன் நிலைமையைச் சொல்ல முடியாத ஒருவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். வீட்டுத் தலைவர் அவராகவே இருந்தால் கேட்கவே வேண்டாம், அவர் வேண்டாம் என்றதும் மறுபேச்சு இருக்காது.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. முகம், கை, பேச்சு மூன்றில் ஒன்று திடீரென்று கெட்டால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகவே இருந்தாலும், முதல் போன் 108. மகன், மருமகன், மாமா எல்லாம் வண்டி கிளம்பிய பிறகு. போனில் "மயக்கம்" என்று சொல்லக் கூடாது, "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்ல வேண்டும், சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் ஸ்ட்ரோக்கும் சேர்ந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இதைப் பார்க்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே, யாருக்கும் ஒன்றும் இல்லாதபோதே, கேட்டுவைத்துக்கொள்ளலாம். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு அள்ளிக்கொண்டு போகவும். வால்வு ஆபரேஷன் ஆனவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவார்கள், அது டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் சித்தப்பா ஒருவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்கிறார். அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்திருக்கிறோம்.

வயதானவர்கள் வியாதி என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு சுருங்கிய இளம்பெண்களுக்கு இதயத்திலிருந்து கட்டி கிளம்பி ஸ்ட்ரோக் வருவது நம் நாட்டில் புதிதல்ல. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்துபோவதும் அப்படித்தான். பிரசவத்தை ஒட்டி ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும், அதோடு பத்தியம் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டால் கேட்க வேண்டாம். பச்சை உடம்புக்காரி தலைவலி தாங்க முடியவில்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ, காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மற்றபடி காரணம் என்று தேடினால் எல்லா வழியும் பிபியிடம்தான் போய் நிற்கிறது. பல நாடுகளில் சேர்ந்து நடந்த இன்டர்ஸ்ட்ரோக் என்ற ஆய்வு, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களே ஸ்ட்ரோக் அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்றது. அதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. புகை, சுகர், கொழுப்பு, தொப்பை, மது எல்லாம் பின்னால் வருகின்றன. பிபியின் மேல் அளவில் 10 குறைத்தாலே ஸ்ட்ரோக் வாய்ப்பு கால்வாசிக்கு மேல் குறைகிறது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் கருவாடும் இருக்கிற சாப்பாட்டில் அது மத்தியானத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன், நகர்கிறேன்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார், வலது கை பெரிதாக வரவில்லை. போனது பேச்சு. எம்.ஜி.ஆர். 1984 அக்டோபரில் விழுந்து, புரூக்ளினில் சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது, அவருடைய பேச்சு பழையபடி இல்லாததைப் பார்த்து ஊரே அழுதது என்று அப்பா சொல்வார். பேச்சைக் கொண்டே வாழ்ந்தவர்களுக்குத்தான் அது இழப்பு என்று நான் நினைத்திருந்ததில்லை, ஆனாலும் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கருக்கு அது எவ்வளவு பெரியது என்று பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. சொல்ல வேண்டியது உள்ளே முழுசாக இருக்கிறது, வாய்க்கு வரும் வழியில் வேறொன்றாகிவிடுகிறது. தண்ணீர் வேண்டும் என்று நினைத்து "சாவி" என்பார், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பதும் அவருக்குத் தெரியும், அந்தக் கோபத்தில் தட்டைத் தள்ளுவார். வருகிற விருந்தாளிகள் காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துகிறார்கள், சிலர் குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சுகிறார்கள். அவருக்குக் காதும் போகவில்லை, புத்தியும் போகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் ஆரம்பித்துக்கொடுத்தால் இருபது வரை தடங்கல் இல்லாமல் சொல்வார். முருகன் பாட்டு முழுசாக வரும். கெட்ட வார்த்தை ஸ்பஷ்டமாக வரும். பழகிப் பழகி ஊறிய பேச்சு இப்படித் தப்பிப்பது இந்த நோயில் வழக்கம்தானாம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொன்னார். பெரியம்மா பெயர்தான் வரமாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் வீட்டில் திருவிழாக் கூட்டம், ஆளுக்கொரு வைத்தியம். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள் மட்டும் தனியாக ஒரு கட்சி கட்டலாம். உண்மையில் பலன் தந்தது தினம் தினம் அலுக்க அலுக்கச் செய்த பிசியோதெரபிதான். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் திரும்பக் கிடைக்கும் என்பார்கள், அப்புறமும் மெதுவாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது நான் பெரிதாக நம்பவில்லை, இப்போது அந்த பிசியோ பெண் வருகிற கிழமையை வீடே எதிர்பார்க்கிறது. அவர் மாட்டிவிட்டுப் போன கயிற்றைப் பிடித்து பெரியப்பா எழுந்து நிற்கிறார், திட்டிக்கொண்டே.

அதே திட்டத்தில் வரும் சுகாதாரப் பணியாளர், பெரியப்பாவுக்கு பிபி பார்த்த கையோடு சும்மாதான் பெரியம்மாவுக்கும் பட்டையைச் சுற்றினார். மேல் அளவு 170-ஐத் தாண்டியிருந்தது. இன்னொரு நாள் பார்த்தார்கள், அப்போதும் அப்படியே. பெரியம்மாவுக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று. இரண்டு பேர் மாத்திரையும் ஒரே டப்பாவில், காலை இரவு என்று தனித்தனி அறையில். பெரியப்பாவுக்கு வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவர், தன்னுடையதை மட்டும் விட்டுவிடுகிறார். கேட்டால், "எனக்குத் தலையே வலிக்கலியேடி, எதுக்கு?" என்கிறார். பெரியப்பா இடது கையால் டப்பாவைத் தட்டித் தட்டி அவரைக் கூப்பிடுகிறார், "சாவி, சாவி" என்று.